இரண்டு கிடாய்க்குட்டியும் ஒற்றைப் பல்லும்

முன்னொரு காலத்திலே, ரொம்ப முன்னேயும் இல்லை, மினி பஸ் வந்த புதிதில், பாவம் அவ்வளவு தூரத்திலிருந்து வருகிறதே என்று அதற்கு முன்னால் வைக்கோல் அள்ளிப் போட்ட காலத்திலே, குந்தாணிப்பட்டி என்று ஓர் ஊர் இருந்தது. அந்த ஊரில் தவசி என்று ஒருத்தர். அவருக்கு அங்காயி என்று ஒரே மகள்.

அங்காயிக்கு நல்ல இடத்தில் சம்பந்தம் கூடிவந்தது. மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று தவசி செம்மறிக் கிடாய் அடித்து விருந்து வைத்தார். மாப்பிள்ளையின் தாத்தா கட்டமுத்துவுக்கு வாயில் இருந்தது இரண்டே பல். ஒரு துண்டைக் கடித்து இழுத்தார். கறி வரவில்லை, பல் வந்தது.

கிழவர் பல்லை இலை ஓரத்தில் வைத்துவிட்டு எழுந்தார். "தவசி, இன்னொரு விருந்து வை. மிச்சம் இருக்கிற ஒத்தப் பல்லுக்குக் கறி மசிஞ்சா உன் பொண்ணு எங்க வீட்டுக்கு. மசியலைன்னா வேற இடம் பாத்துக்க." சொல்லிவிட்டு மெதுவாக நடந்து போனார்.

தவசி அந்தப் பல்லைக் கழுவி, மஞ்சள் துணியில் முடிந்து வைத்தார். விருந்தாளி மறந்துவிட்டுப் போன சாமான், கேட்டால் கொடுக்க வேண்டாமா.

மறுநாள் மச்சினன் ஒச்சுவைக் கூட்டிக்கொண்டு டவுன் மாட்டாஸ்பத்திரிக்குப் போனார். ஊரில் எதையும் யோசிக்கிற பொறுப்பு ஒச்சுவுடையது. டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டார். வெறும் வைக்கோலைப் போட்டு வளர்த்தால் அப்படித்தான் என்றார். பச்சைச் சோளத்தட்டையை நறுக்கி, வெல்லத்தண்ணி தெளித்து, குழியில் போட்டு மிதித்து, காற்றே இல்லாமல் மூடிப் புளிக்கவைக்க வேண்டும். ஒன்றரை மாதம் கழித்து எடுத்து ஆட்டுக்குப் போட்டால் கறி மெத்தென்று வரும் என்றார்.

"நிசமாவா தாயி?" என்றார் தவசி. பெண்ணின் வாழ்க்கை அல்லவா.

"சந்தேகமா இருந்தா ரெண்டு குட்டி வளங்கய்யா. ஒண்ணுக்கு இது, ஒண்ணுக்கு வைக்கோல். மத்ததெல்லாம் ரெண்டுக்கும் ஒண்ணுபோல இருக்கணும். அப்பத்தான் வித்தியாசம் தீவனத்தால வந்துச்சான்னு தெரியும்."

ஒண்ணுபோல இருக்கணும், ஒண்ணுபோல இருக்கணும் என்று சொல்லிக்கொண்டே இருவரும் ஊர் வந்து சேர்ந்தார்கள்.

குழி வெட்டினார்கள். மிதிக்க இறங்கியவன் தவசியின் அண்ணன் மகன் விருமன். ஒச்சு அவனை நிறுத்தினான். காற்றே இருக்கக் கூடாது என்றால், இவன் உள்ளே விடுகிற மூச்சு என்னவாம்? கூடிப் பேசினார்கள். அதன்பிறகு விருமன் மேலே வந்து மூச்சை இழுத்துக்கொண்டு, கன்னத்தை உப்பிக்கொண்டு இறங்கி மிதித்தான். சாயங்காலத்துக்குள் தட்டை நன்றாக அமுங்கிவிட்டது. விருமனும் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்திருந்தான்.

குழி திறந்த அன்று சோதனை ஆரம்பமானது. செவலைக்குட்டிக்குப் புளித்த தீவனம், வெள்ளைக்குட்டிக்கு வைக்கோல். செவலை துள்ளித் துள்ளித் தின்றது. வெள்ளை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது.

"மாமா, மனசு ஒண்ணுபோல இல்லையே" என்றான் ஒச்சு.

நியாயம்தான். விருமனை வெள்ளைக்குட்டியின் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். அது வைக்கோலைக் கடிக்கும்போதெல்லாம், "நீ திங்கிறதும் அதேதாண்டா, வெளிய சொல்லாத" என்று காதில் சொல்வது அவன் வேலை. செவலை தும்மினால் வெள்ளையின் மூக்கில் பொடி வைத்தார்கள். வெள்ளை நனைந்தால் செவலையின் தலையில் ஒரு குடம் ஊற்றினார்கள்.

அப்புறம்தான் தவசிக்கே உறைத்தது. நிறம் ஒண்ணுபோல இல்லை. செம்மண்ணைக் குழைத்து இரண்டையும் கொம்பு முதல் குளம்பு வரை பூசினார். இப்போது இரண்டும் ஒரே அச்சு. மனது நிறைந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதுல எது எது சித்தப்பா?" என்றான் விருமன்.

தவசி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் ஒச்சு வழி கண்டுபிடித்தான். புளித்த தீவனம் தின்று பழகிய குட்டிதானே அதைத் தேடி வரும்? வைத்துப் பார்த்தார்கள். இரண்டும் முட்டிமோதிக்கொண்டு வந்தன. அன்றிலிருந்து எது முந்தி வருகிறதோ அதுதான் செவலை என்று முடிவானது. சில நாள் இது செவலை, சில நாள் அது.

விருந்து நாள் வந்தது. சமைப்பதும் ஒண்ணுபோல இருக்க வேண்டும் என்று இரண்டையும் ஒரே அண்டாவில் போட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் இலைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். தவசி தூணைப் பிடித்துக்கொண்டு கிழவரின் வாயையே பார்த்தார். உள்ளே அங்காயி கதவிடுக்கில் நின்றாள்.

கட்டமுத்து ஒரு துண்டை ஒற்றைப் பல்லில் வைத்தார். வாய் அசைந்தது. தொண்டை அசைந்தது. அடுத்த துண்டுக்குக் கை போனது.

"வெண்ணெயாட்டம் இருக்குப்பா. பொண்ணு எங்க வீட்டுப் பொண்ணு."

தவசிக்குக் கண் கலங்கிவிட்டது. அப்போது ஒச்சு தொண்டையைக் கனைத்தான்.

"மாமா, இது செல்லாது. போன தடவை பெரியவர் ரெண்டு பல்லால கடிச்சாரு. இப்ப ஒரு பல்லால கடிக்கிறாரு. ஒண்ணுபோல இல்லையே."

தவசி திடுக்கிட்டுப் போனார். ஒரு பெண்ணின் வாழ்க்கையை இப்படி அரைகுறைச் சோதனையை நம்பியா முடிவு செய்வது? உள்ளே ஓடி மஞ்சள் துணியை அவிழ்த்துப் பல்லை எடுத்து வந்தார். விருமன் மைதாப் பசை காய்ச்சிக் கொண்டுவந்தான்.

"அய்யா, சித்த வாயத் திறங்க. ஒட்டிட்டு மறுபடி ஒரு துண்டு."

கிழவர் பல்லைப் பார்த்தார். கொதிக்கிற பசையைப் பார்த்தார். "பொண்ணு மட்டும் போதும்டா. பல்ல நீயே வச்சுக்க" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மினி பஸ்ஸை நோக்கி ஓட்டம் பிடித்தார். மாப்பிள்ளை வீட்டார் கைகூடக் கழுவாமல் அவர் பின்னால் ஓடினார்கள்.

புழுதி அடங்கும்வரை ஒச்சு அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

"போன தடவை வைக்கோல் தின்ன கறி, நடந்து போனாரு. இந்தத் தடவை ஓடுறாரு. தீவனம் வேலை செய்யுது மாமா."

திருப்தியோடு அவன் விருமனைக் கூட்டிக்கொண்டு மிஞ்சிய பசையைத் தீவனக் குழியில் கொட்டப் போனான். தவசிக்குத்தான் சமாதானமாகவில்லை. நடந்து போனவர் நடந்துதானே போக வேண்டும்? கூட்டி வந்து மறுபடி நடக்கவைக்க வேண்டும் என்று பல்லைக் கைக்குள் பொத்திக்கொண்டு கிளம்பினார். தானும் ஓடினால் எல்லாம் கெட்டுப்போகுமே என்று, போன தடவை கிழவர் நடந்த அதே நடையாக, மெதுவாக, பஸ் போன திசையில் நடந்து போனார்.