முந்நூற்றுப் பன்னிரண்டு ‘ஏங்க’

“டீச்சர், நான் புதுப் பட்டியல்தானே கேட்டேன்? பழசு எப்படிப் போச்சு?”

மாசிலாமணிக்கு அறுபத்தொரு வயது. பிரிசில்லா டீச்சருக்கு அதில் பாதி. பெர்ல் என்ற கணினி மொழி கற்க வந்தவர்களில் மூத்தவரும் அவர்தான், அவசரக்குடுக்கையும் அவர்தான்.

இறந்துபோன மனைவி தங்கபுஷ்பம் போனில் அனுப்பிய செய்திகள், கடைசியில் தேதியோடு, வரிக்கு ஒன்றாக, முந்நூற்றுப் பன்னிரண்டு. போன் கெட்டுவிட்டது. இந்தப் பட்டியல்தான் மிச்சம். அதைப் புத்தகமாக அச்சடிக்க நினைத்தார். எல்லாமே ‘ஏங்க’ என்று தொடங்கினால் படிப்பவர்களுக்குச் சலிக்குமே! வரியின் தலையில் ‘ஏங்க’ இருந்தால் வெட்டச் சொல்லி ஒரு ரெகெக்ஸ், அதாவது சொல்லைத் தேடி மாற்றும் கட்டளை, எழுதி ஓட்டினார்.

டீச்சர் அவர் எழுதிய ஸ்கிரிப்டைப் பார்த்தார்.

“நகல் எடுக்கச் சொல்லலையே சார். அதான் கையில இருந்த வரியையே வெட்டிருச்சு. நீங்களும் அதைப் பழைய பட்டியல் மேலேயே சேமிச்சிட்டீங்க.”

“வீட்டுல என்னை ஏங்கன்னு கூப்பிட ஆளில்ல டீச்சர். இதுல மட்டும்தான் இருந்துச்சு. அதையும் நானே...”



டீச்சர் கீபோர்டை அவர் பக்கம் தள்ளினார்.

“போனது ஒரே சொல். இருந்த இடமும் தெரியும். எல்லா வரிக்கும் தலையில திரும்ப வையுங்க.”

வைத்தார். கண் இமைப்பதற்குள் வேலை முடிந்தது.

ஏங்க, குடை எடுத்துட்டுப் போனீங்களா?

ஏங்க, மாத்திரை போட்டாச்சா?

மாசிலாமணிக்கு உயிர் வந்தது.

“சரியா இருக்கா சார்?”

“அப்படியே இருக்கு.”

“முழுசாப் படிங்க.” டீச்சர் டீ போட எழுந்து போனார்.

திரும்பி வந்தபோது மாசிலாமணி ஒரு வரியிலேயே நின்றிருந்தார்.

ஏங்க, இனிமே உங்ககிட்ட எதுவும் கேக்க மாட்டேன்.

“இதுல மட்டும் அவ ஏங்க சொல்லல டீச்சர். அவ தங்கச்சி வீட்டு விசேஷத்துக்கு என்னையும் வரச் சொல்லிக் கெஞ்சினா. தனியா அனுப்பிட்டேன். அங்க இருந்து அனுப்பினது.”

“இப்போ சொல்லிட்டாங்களே. விட்டுடலாமா?”

விட்டால் யாருக்கும் தெரியாது. படிக்கவும் இதமாக இருந்தது. அவள் கோபித்துக்கொள்ளாதது போலவே இருந்தது.

டீ ஆறிப்போனது.

மாசிலாமணி அந்த வரியின் தலைக்குப் போனார். இந்தமுறை ரெகெக்ஸ் எழுதவில்லை. கையாலேயே, எழுத்து எழுத்தாக அழித்தார்.

அப்புறம் அடுத்த வரிக்கு வந்தார். பதினோரு நாள் கழித்து வந்தது.

ஏங்க, சாப்பிட்டீங்களா?