ஆறு லிட்டர் பாலுக்கு நாலு விறகு

தென்காசிக்கு மேற்கே, மலையடிவாரத்தில் ஒரு சின்ன மடம் இருந்தது. குரு சீடனை 'அண்ணாச்சி' என்று கூப்பிடும் மடம் உலகத்திலேயே அது ஒன்றாகத்தான் இருக்கும். காரணம் சுலபம். குரு உலகம்மைக்கு வயது நாற்பத்திரண்டு. சீடர் பரஞ்சோதிக்கு ஐம்பத்து மூன்று.

பரஞ்சோதி இருபத்தாறு வருஷம் லாரி ஓட்டியவர். வழியில் இருந்த புரோட்டாக் கடை எல்லாம் அவருக்குச் சொந்தக்காரர் வீடு மாதிரி. மனைவி இறந்த பிறகு ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு மடத்துக்கு வந்தார். மற்றதையெல்லாம் துறந்தார், தொப்பை மட்டும் கூடவே வந்துவிட்டது.

அவருக்கு ஒரே தங்கை, வடிவு. சங்கரன்கோவில் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்தவள். தினமும் இருநூறு பிள்ளைகளுக்கு முட்டை உரித்துப் போட்ட கை. இப்போது அவளுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டன. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். அண்ணன் தன்னுடையதில் ஒன்றைத் தருவதாகச் சொன்னார். சோதித்துப் பார்த்ததில் எல்லாம் பொருந்தியது, எடையைத் தவிர.

"பன்னிரண்டு கிலோ குறைச்சிட்டு வாங்க. அப்புறம் எடுக்கலாம்" என்றார் டாக்டர். எதை எவ்வளவு சாப்பிட வேண்டும், எத்தனை கலோரி என்று ஒரு தாளில் எழுதியும் கொடுத்தார்.

பரஞ்சோதி தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். வைத்ததோடு சரி. சாப்பிடாமல் இருப்பதற்குத் தாள் எதற்கு?

காலையில் ஒரு டம்ளர் கஞ்சித் தண்ணீர். ராத்திரி இரண்டு துண்டு வெள்ளரிக்காய். நடுவில் மலைப்பாதையில் ஏறி இறங்குவார். பந்தியில் எல்லோரும் சாப்பிடும்போது அவர் இலை மட்டும் காலியாக இருக்கும். மடத்துக்கு வந்து போகிறவர்கள் 'என்ன ஒரு வைராக்கியம்' என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். அதில் அவருக்கு உச்சி குளிர்ந்தது. பொய் சொல்வானேன்.

உலகம்மை பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரே ஒரு தடவை கேட்டார்.

"அண்ணாச்சி, டீசல் போடாம லாரி ஓட்டியிருக்கியளா?"

"லோடு குறைஞ்சாத்தாம்மா வண்டி மேடு ஏறும்."

டிரைவரிடம் வண்டியைப் பற்றிப் பேசி ஜெயிக்க முடியாது.

மத்தியானம் ஒரு மணிக்கு வடிவு போன் செய்வாள். அவளுக்குத் தண்ணீர் கூட அளந்துதான். பழம் கூடாது, உப்பு கூடாது, தேங்காய் கூடாது. அதனால் அண்ணன் சாப்பிட்டதைக் கேட்பதில் அவளுக்கு ஒரு ருசி.

"சாப்ட்டியாண்ணே?"

"ஆச்சும்மா."

"என்ன குழம்பு?"

"கத்திரிக்கா புளிக்குழம்பு. அவியல். ரசமும் இருந்திச்சு."

"அவியல்ல முருங்கைக்கா போட்டாங்களா?"

"போடாம இருப்பாங்களா?"

காலி வயிற்றோடு மரத்தடியில் உட்கார்ந்துகொண்டு அவர் தினமும் ஒரு விருந்து சமைத்தார். அவள் அந்தப் பக்கம் ம், ம் என்று கேட்டுக்கொண்டிருப்பாள். போனை வைத்த பிறகு அவருக்குக் கண் கலங்கும். பசியால் என்று நினைத்துக்கொள்வார்.

முதல் மாதம் ஆறு கிலோ குறைந்தது. அதற்கப்புறம் முள் அசையவில்லை. மெஷின் கெட்டுப்போயிருக்கும் என்று பரஞ்சோதி வேறு மெஷினில் ஏறிப் பார்த்தார். அதுவும் அதையே சொன்னது. கஞ்சித் தண்ணீரைப் பாதியாக்கினார். இன்னும் ஒரு கிலோ போயிற்று. படியேறும்போது சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது.

இரண்டாவது மாதம் முடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போனார். டாக்டர் ரத்தம் எடுத்தார். ஏதேதோ அளந்தார். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கச் சொன்னார். லாரியின் ஸ்டெப்னியைத் தனி ஆளாகத் தூக்கி மாட்டிய மனிதர் பாதி எழுந்து திரும்ப உட்கார்ந்துவிட்டார்.

"ஏழு கிலோ குறைஞ்சிருக்கு. ஆனா போனதுல நிறைய சதை. போக வேண்டிய கொழுப்பு முக்கால்வாசி அங்கேயே இருக்கு. ரத்தமும் கம்மி. இந்த உடம்புல நான் கத்தி வைக்க மாட்டேன்" என்றார் டாக்டர்.

"அப்ப என் தங்கச்சி?"

"ரெண்டு மாசம் பொறுக்கலாம். ஒழுங்கா சாப்பிட்டு, மெதுவா குறைச்சிட்டு வாங்க. இல்லேன்னா வேற ஆளைப் பாருங்க."

வேறு ஆள் இல்லை. அது டாக்டருக்கும் தெரியும்.

மடத்துக்குத் திரும்பியதும் பரஞ்சோதி நேரே குருவிடம் போனார். உலகம்மை மாட்டுத் தொழுவத்தில் கன்றுக்குட்டிக்கு உண்ணி எடுத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, எனக்கு ஒண்ணும் விளங்கல. சாப்பிட்டா கூடும், சாப்பிடலேன்னா குறையும். இதானே நியாயம்? அந்த டாக்டர் சாப்பிடவும் சொல்லுதாரு, குறைக்கவும் சொல்லுதாரு. ரெண்டும் எப்படிம்மா ஒண்ணா நடக்கும்?"

உலகம்மை ஒரு உண்ணியை எடுத்து நசுக்கினார்.

"நாளான்னைக்குக் குருபூசை. திரட்டுப்பால் யாரு கிண்டுதது?"

"சமையக்கட்டு அக்காதானே எப்பவும்?"

"இந்த வருசம் நீங்க கிண்டுங்க. நாளைக்கு ஒரு தடவை செஞ்சு பழகுங்க."

கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று. பரஞ்சோதி தலையை ஆட்டிவிட்டு வந்தார்.

மறுநாள் விடிந்ததும் கறந்த பால் ஆறு லிட்டர் உருளியில் ஊற்றி அடுப்பில் வைக்கப்பட்டிருந்தது. உட்கார ஒரு பலகை. கிண்ட ஒரு துடுப்பு. அடுப்பருகே நாலே நாலு விறகு.

"மத்தியானத்துக்குள்ள இது கால்வாசியா வத்தணும்" என்றார் உலகம்மை.

"விறகு பத்தாதேம்மா."

"எதுக்கு? பாலைக் குறைக்கத்தானே போறோம். பெருக்கவா போறோம்?"

"இருந்தாலும்..."

"இதுக்கு மேல ஒரு சுள்ளி எடுக்கக் கூடாது. கொட்டகையைப் பூட்டிட்டேன்."

பரஞ்சோதி விறகைச் சிக்கனமாக வைத்தார். முதலில் ஒன்று. அது கனன்று அடங்கும் வரை காத்திருந்து இன்னொன்று. பால் வெதுவெதுப்பானது. விரலை விட்டால் சுடாது, எடுக்கவும் தோன்றாது, அப்படி ஒரு சூடு. ஏடு படிந்தது. ஒரு குமிழி கூட வரவில்லை. குனிந்து ஊதினார். ஊதினால் தலை சுற்றியது. ஏழு கிலோவோடு மூச்சும் எங்கேயோ போயிருந்தது.

பத்து மணிக்கு நாலாவது விறகும் முடிந்தது. உருளியில் பால் ஊற்றிய கோட்டுக்கு ஒரு விரற்கடை கீழே நின்றது.

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. சுற்றும் முற்றும் பார்த்தார். உட்கார்ந்திருந்த பலகையை எடுத்து முழங்காலில் வைத்து உடைத்தார். இரண்டு மூன்று முயற்சிக்குப் பிறகுதான் உடைந்தது. காய்ந்த பலகை, சடசடவென்று பிடித்துக்கொண்டது. பாலில் முதல் முறையாக அசைவு வந்தது. துடுப்பைப் போட்டுக் கிண்டினார். கிண்டக் கிண்ட ஏடு உடைந்து, பச்சைத் தண்ணீர் ஒரு பக்கமும் திப்பி திப்பியாக இன்னொரு பக்கமும் பிரிந்தது. புளித்த வாடை அடித்தது.

உலகம்மை வந்து நின்றார். உருளியைப் பார்த்தார். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்த சீடரைப் பார்த்தார்.

"பலகை எங்க அண்ணாச்சி?"

"அடுப்புல வச்சிட்டேம்மா."

"அதை அடுப்புக்கா குடுத்தேன்?"

"வேற ஒண்ணும் இல்லியே. அது எரியணும்லா?"

"எரிஞ்சுதா?"

"எரிஞ்சுது."

"பால் வத்திச்சா?"

பரஞ்சோதி துடுப்பைப் பிடித்திருந்த தன் கையைப் பார்த்தார். கொசுவம் வைத்த சேலை போல முழங்கைக்கு மேலே தோல் மடிந்து தொங்கியது. ஒரு காலத்தில் ஸ்டெப்னி தூக்கிய கை அது. வேட்டிக்கு மேலே தொப்பை மட்டும் சௌக்கியமாக உட்கார்ந்திருந்தது.

"திரிஞ்ச பாலைத் தென்னைக்கு ஊத்திருங்க" என்று சொல்லிவிட்டு உலகம்மை போனார்.

குருபூசை அன்றைக்கு விறகுக் கொட்டகை திறந்திருந்தது. பரஞ்சோதி ஒரு சுமை கருவை விறகைக் கொண்டுவந்து, முந்தின நாள் பட்ட அவமானத்துக்கெல்லாம் சேர்த்து அடுப்பில் திணித்தார். தீ உருளியின் காதைத் தொட்டது. பால் ஒரே மூச்சில் பொங்கி மேலே வந்தது.

உலகம்மை குனிந்து மூன்று விறகை வெளியே இழுத்துப் போட்டார்.

"போடச் சொன்னா கொட்டுதிய. அது கேக்கும்போது குடுங்க போதும்."

அப்புறம் அவருக்குக் கைவாகு வந்துவிட்டது. ஒரு விறகு பாதி எரியும்போது அடுத்ததை நுழைத்தார். தீ ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. பால் தளதளவென்று கொதித்தது. ஆவி போனது. கோடு கோடாக இறங்கியது. அவசரப்பட்டு எதுவும் நடக்கவில்லை, ஆனால் ஒரு நிமிஷம் கூட நிற்கவும் இல்லை. வெல்லம் சேர்த்தபோது மடம் முழுக்க வாசனை. ஆறு லிட்டர் பால் ஒரு தூக்குச்சட்டிக்குள் அடங்கிவிட்டது.

"அடுப்பு எவ்வளவு தின்னுச்சு?" என்று கேட்டார் உலகம்மை.

"ஒரு சுமை பூராவும்மா."

"அம்புட்டையும் தின்னுட்டா பாலைக் குறைச்சிச்சு?"

பரஞ்சோதி சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்துக் கொடுத்தார். யாரும் கேட்காமலே எடுத்தார். மடித்த இடமெல்லாம் கிழிந்திருந்தது.

பூசை முடிந்து பந்தி போட்டார்கள். உலகம்மை தாளைக் கையில் வைத்துக்கொண்டு அவரே பரிமாறினார். அளந்து ஒரு கரண்டி சோறு. இரண்டு கரண்டி பாசிப்பருப்பு. கீரைக் கடைசல். பீர்க்கங்காய்க் கூட்டு. சுண்டல். ஒரு டம்ளர் மோர். பாயசத்தை அவர் இலைக்கு வரவிடவில்லை. திரட்டுப்பால் மட்டும் ஒரு நெல்லிக்காய் அளவு, கிண்டியவருக்காக.

பரஞ்சோதி இலையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். கை இறங்கவில்லை.

"என்ன அண்ணாச்சி? இன்னும் விளங்கலியா?"

"விளங்கிட்டும்மா. நேத்தே விளங்கிட்டு."

"பின்ன?"

"அவ அங்க ஒரு மடக்குத் தண்ணிக்கு அளவு பாத்துக் குடிக்கா. நாக்கு வறண்டா ஈரத்துணியை உதட்டுல வச்சுக்கிடுதா. நான் இங்க இலை போட்டு..." இலையைச் சற்றுத் தள்ளி வைத்தார். "பசியோட இருந்தா அவகூட இருக்க மாதிரி இருக்கும்மா. சாப்பிட்டா அவளை விட்டுட்டு வந்த மாதிரி இருக்கு."

இரண்டு மாதமாக வைராக்கியம் என்று ஊர் கும்பிட்டது இதைத்தான். அவருக்கே இப்போதுதான் தெரிந்தது.

உலகம்மை கரண்டியை வைத்துவிட்டு அவருக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"வடிவுக்கு ஒண்ணைக் குடுத்தாச்சுன்னு எங்கிட்ட சொன்னியளே, நெசந்தானா?"

"நெசந்தாம்மா. மனசார."

"குடுத்த பொருளை இன்னும் நீங்கதான் வச்சிருக்கிய."

"ஆமா."

"இப்ப அது உங்களது இல்ல. அவளோடது. அதைத்தான் அண்ணாச்சி ரெண்டு மாசமா பட்டினி போட்டு வச்சிருக்கிய."

பரஞ்சோதி இலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பருப்பைப் பிசைந்து முதல் கவளத்தை எடுத்தார்.

பாதி சாப்பிடும்போது போன் அடித்தது. இடது கையால் எடுத்தார்.

"சாப்ட்டியாண்ணே?"

"சாப்பிட்டுக்கிட்டே இருக்கேம்மா."

"என்ன வச்சிருக்காங்க?"

"இரு, பாத்துச் சொல்லுதேன்" என்று அவர் இலையைக் குனிந்து பார்த்தார்.