ஒரு டின் பெட்ரோலில் மலைக்கோட்டை

மோட்டார் வண்டியைப் பார்த்து ஜனங்கள் வாயைப் பிளந்த முன்னொரு காலத்தில், மலைகள் சூழ்ந்த ஒரு நாட்டை ஒரு மகாராஜா ஆண்டுவந்தார். அவருடைய சபையில் உத்தண்டி என்றொரு விகடகவி இருந்தான். எதற்கெடுத்தாலும் மகாராஜா அவனைக் கூப்பிட்டுக் கேட்பது திவான் நரசிங்கராயருக்கு அறவே பிடிக்காது.

ஒருநாள் சீமையிலிருந்து புது வண்டி ஒன்று வந்து இறங்கியது. முன்னால் ஆள் உட்கார இடம், பின்னால் பாரம் ஏற்றத் திறந்த தொட்டி. காடு, கல், சேறு எதிலும் போகுமாம்.

"எவ்வளவு பெட்ரோல் குடிக்கும்?" என்று கேட்டார் மகாராஜா.

"ஒரே டின் போதும் பிரபு. மலைக்கோட்டைக்குப் போய்த் திரும்பிவிடலாம்" என்றார் திவான். பக்கத்தில் நின்ற நான்கு அதிகாரிகளும் தலையாட்டினார்கள்.

உத்தண்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரித்தவரே ஓட்டிக் காட்டட்டும். வண்டியில் குறையில்லை. வழியில் நின்றால் அது ஓட்டியவர் குற்றம்" என்றார் திவான்.

"அப்படியே ஆகட்டும்" என்றார் மகாராஜா. "உத்தண்டி, ஒரு டின்னுக்கு மேல் வண்டி ஒரு சொட்டும் குடிக்கக் கூடாது. நாளை பொழுது சாய்வதற்குள் கோட்டைக்குப் போய் வந்து நிற்க வேண்டும். தவறினால் கோட்டை நிலவறைதான். வெறும் வண்டியாகவும் போகாதே. என்ன பாரம் ஏற்றுவது என்பது உன் இஷ்டம்."

நிலவறைக்குள் போன எவரும் வெளியே வந்ததில்லை. அன்று உத்தண்டிக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி என்னவென்று கேட்டது காதில் விழவில்லை. ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தான். ஆனால் எல்லையெங்கும் காவல் இருந்தது.

காலையில் அரண்மனை வாசலில் கைகட்டி நின்றான்.

"பாரத்தைத் தேர்ந்துவிட்டேன் பிரபு. திவான் அவர்களும், தலையாட்டிய நான்கு பேரும்."

திவானின் முகம் வெளிறியது. சொன்ன சொல்லை மகாராஜா மாற்றவில்லை.

பாதி ஏற்றத்தில் வண்டி இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. பாதையில் யானைச் சாணம் ஆவி பறக்கக் கிடந்தது. பக்கத்தில் எங்கோ மூங்கில் முறிந்தது. உத்தண்டியின் விரல்கள் ஸ்டியரிங்கை விட்டு வர மறுத்தன.

"ஓட்டுமய்யா" என்று திவான் கிசுகிசுத்தார்.

"பெட்ரோல் தீர்ந்துவிட்டது. பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் எல்லோரும் பள்ளத்தில்தான். நீங்கள்தான் இறங்கித் தள்ள வேண்டும்."

ஐவரும் இறங்கித் தள்ளினார்கள். மூங்கில் முறியும் போதெல்லாம் வண்டி வேகமாக ஏறியது. கோட்டை வாசலைத் தொட்டுத் திருப்பினார்கள். இறக்கத்தில் வண்டி தானாக உருண்டது. சமதரையில் மறுபடி தள்ளினார்கள்.

பொழுது சாயும் நேரத்தில் வண்டி அரண்மனைக்கு வந்து சேர்ந்தது.

"எவ்வளவு குடித்தது?" என்றார் மகாராஜா.

"ஒரே டின், பிரபு. வழியில் ஆறேழு குடம் தண்ணீரும் செலவானது. அது பாரம் குடித்தது, வண்டி குடிக்கவில்லை."

மகாராஜா புழுதி படிந்த திவானை மேலும் கீழும் பார்த்தார்.

"ஒரு டின் போதும் என்று நீர் சொன்னது சரிதான், திவான்" என்றார் மகாராஜா. சொல்லி முடிப்பதற்குள் சிரித்துவிட்டார். "உத்தண்டி, அந்த வண்டியையே பரிசாக எடுத்துக்கொள்."

"தண்டனை கிடையாது என்றல்லவா நினைத்தேன், பிரபு."

மகாராஜா கண்ணில் நீர் வரச் சிரித்து, தம் முத்து மாலையைக் கழற்றி நீட்டினார். பகலெல்லாம் பிரேக்கை மிதித்திருந்த உத்தண்டிக்கு, வாங்கக் குனிந்ததும் முழங்கால் நிமிரவில்லை. இரண்டு சேவகர்கள் வந்து தூக்கி நிறுத்தினார்கள்.