தலைகீழ் மேடு

ஒரு பேராசிரியர் தன் பழைய குப்பையைத் தோண்டிக்கொண்டிருந்தார்.

அவர் பெயர் லுடோல்ஃப் கெல்னர். ஜெர்மானியர், வயது அறுபத்தேழு. முப்பது வருடங்களுக்கு முன்னால், துருக்கி சுல்தானின் ஆட்சியில் இருந்த ஏஜியன் கடற்கரைக் குன்று ஒன்றில், புதைந்து கிடந்த கிரேக்கக் கோயிலை வெளியே கொண்டுவந்தவர். அந்தக் கோயில் கிறிஸ்துவுக்கு அறுநூறு ஆண்டு முந்தியது என்று புத்தகம் எழுதினார். புத்தகம் நான்கு பதிப்பு கண்டது. அந்த வட்டாரத்தில் எந்தக் கல்லுக்கு வயது சொல்வதென்றாலும், அந்தப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டுதான் சொன்னார்கள்.

இப்போது மூன்று மாத அனுமதி வாங்கிக்கொண்டு அதே குன்றுக்குத் திரும்பி வந்தார். கோயில் பக்கம் போகவில்லை. அன்று தோண்டிய மண்ணைக் கூடை கூடையாகக் கொட்டிய மேடு, சரிவில் புல் முளைத்துக் கிடந்தது. அதன் பக்கத்தில் கூடாரம் அடித்தார்.

பெர்லினில் சிரித்தார்கள். கிழவருக்கு வேறு வேலை இல்லை, கோழி மாதிரி குப்பையைக் கிளறுகிறார் என்றார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? பெர்லின் வாய்க்கும் கிடையாது.

உடன் வந்தவர் ஆர்னோ ரைஷ், அவருடைய சீடர். சீடர் என்றதும் இளவட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். நாற்பத்து மூன்று வயது, தாடியில் நரை, பள்ளிக்கூட வாத்தியார். அவரும் ஒரு புத்தகம் எழுதி முடித்திருந்தார். அந்தக் கடற்கரையில் உள்ள பதினொரு கோயில்களுக்கு வயது சொல்லும் புத்தகம். எல்லா வயதும் கெல்னரின் கோயிலிலிருந்து எண்ணியதுதான். அச்சகத்தில் எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தார்கள். அது வெளிவந்தால் பல்கலைக்கழகத்தில் பதவி நிச்சயம். முதல் பக்கத்தில் 'என் ஆசிரியருக்கு' என்று இருந்தது.

வந்த அன்றே ஆர்னோ கேட்டார்.

"கோயிலை விட்டுவிட்டு இங்கே என்ன தேடுகிறோம், ஐயா?"

கெல்னர் அவர் கையில் ஒரு சல்லடையைக் கொடுத்தார்.

பதில் மேஸ்திரி ஸ்தாமாத்தியிடம் கிடைத்தது. அந்தக் கிரேக்கர் முப்பது வருடங்களுக்கு முன் இதே மண்ணைச் சுமந்தவர். அந்தக் காலத்தில் ஐயாவுக்குச் சிலை என்றால் கண் மின்னும், பானைச் சில்லைக் காட்டினால் முகம் சுளிக்கும், கொட்டு என்பார், கொட்டினோம் என்று சொல்லிச் சிரித்தார். கெல்னர் பக்கத்தில்தான் நின்றார். ஆமாம் என்று தலையசைத்தார்.

இடையில் வந்த அறிஞர்கள், கல்லைவிடச் சில்லுதான் ஒழுங்காக வயது சொல்லும் என்று கண்டுபிடித்திருந்தார்கள். மண்பானை உடையும், ஆனால் மக்காது. அதில் படம் தீட்டும் முறை தலைமுறைக்குத் தலைமுறை மாறும். ஒரு தரைக்குக் கீழே என்ன சில்லு கிடக்கிறது என்று பார்த்தால், அந்தத் தரை எப்போது போட்டது என்று சொல்லிவிடலாம். கெல்னர் சில்லுகளை எறிந்துவிட்டுப் புத்தகம் எழுதியிருந்தார். அது பல வருடமாக அவரை அரித்துக்கொண்டிருந்தது.

மேட்டை மேலிருந்து கீழே அடுக்கடுக்காக வெட்டினார்கள். மழை பெய்தது, வெட்டினார்கள். கெல்னருக்கு இருமல் பிடித்தது, அப்போதும் வெட்டினார்கள். புல்லை நீக்கியதும் மேல் அடுக்கில் மஞ்சள் களிமண் வந்தது. ஆர்னோ குறிப்பேட்டில், 'மஞ்சள் களிமண்: எல்லாவற்றுக்கும் பிந்தியது' என்று எழுதினார். மேலே இருப்பது புதியது, கீழே இருப்பது பழையது. தோண்டுகிறவர்களுக்கு அதுதான் அரிச்சுவடி.

கெல்னர் அதைப் படித்தார். மதியச் சாப்பாடு முடிந்து ஐந்து தகரத் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. அடியில் இருந்த தட்டில் மட்டும் ஒரு நீலக் கோடு. மேல் தட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அடுத்ததை அதன்மேல் வைத்தார். ஐந்தையும் அப்படி மாற்றி முடித்தபோது நீலக் கோட்டுத் தட்டு உச்சியில் இருந்தது.

ஆர்னோ தலையில் அடித்துக்கொண்டார். கொட்டிய மேட்டில் எல்லாமே தலைகீழ். கடைசியாகத் தோண்டியது, அதாவது அடி ஆழத்தில் இருந்தது, இங்கே மேலே கிடக்கிறது. அந்த மஞ்சள் களிமண், கோயில் கட்டியவர்கள் தரைக்கல்லுக்குக் கீழே பரப்பியது. அதில் எது கிடந்தாலும் அது கோயிலுக்கு மூத்தது. எழுதியதை அடித்துத் திருத்தினார்.

மறுநாள் பிற்பகல் கடைசிக் கூடைக் களிமண்ணைச் சலித்தபோது, கட்டைவிரல் அளவு ஒரு சில்லு தங்கியது. ஆர்னோ எச்சில் தொட்டுத் துடைத்தார். சுற்றிலும் கறுப்பு மெருகு. நடுவில் மண்ணின் சிவப்பிலேயே விட்ட ஒரு பாதம், ஐந்து விரலோடு. அப்படித் தீட்டும் வழக்கம், கெல்னர் சொன்ன ஆண்டுக்கு எழுபது எண்பது வருடம் கழித்துத்தான் வந்தது. இந்தப் பாதம் தரைக்குக் கீழே கிடந்ததென்றால், கோயில் அதற்கும் பிறகுதான் எழும்பியிருக்க வேண்டும்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டுவிட்டது.

ஆர்னோ, தூரத்தில் இருமிக்கொண்டு நின்ற கிழவரைப் பார்த்தார். நான்கு பதிப்புகளை நினைத்தார். அவர்மேல் ஆர்னோவுக்கு உண்மையாகவே பிரியம் உண்டு. அச்சகத்தில் இருந்த பதினொரு கோயில்களையும் நினைத்தார் என்பதை நான் மறைக்கப் போவதில்லை. சில்லைச் சலித்த மண்ணோடு கூடையில் போட்டார். ஆட்கள் அதைத் தூக்கிக்கொண்டு போய் ஓடைப் பள்ளத்தில் கொட்டினார்கள்.

சாயங்காலம் கெல்னர் கேட்டார்.

"களிமண்ணில் என்ன கிடைத்தது?"

"ஒன்றும் இல்லை, ஐயா."

கெல்னர் அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு ரொட்டியைப் பிட்டுச் சாப்பிட்டார்.

மறுநாள் விடிந்தபோது அவர் கூடாரம் காலியாக இருந்தது. ஆர்னோ தேடிக்கொண்டு ஓடைப் பள்ளத்துக்கு இறங்கினார். ஈர மண்ணில் முழங்காலிட்டுக் கெல்னர் சலித்துக்கொண்டிருந்தார். ஸ்தாமாத்தி அள்ளி அள்ளிப் போட்டார். ஆர்னோ அருகே வரும்போது சல்லடை நின்றது. கெல்னரின் உள்ளங்கையில் சிவப்புப் பாதம் இருந்தது.

"கடைசியாகக் கொட்டியது மேலேதானே இருக்கும்," என்றார். "அதிக நேரம் ஆகவில்லை."

"எப்படித் தெரிந்தது, ஐயா?"

"இருபது வருடமாக உன்னைத் தெரியும். ஒரு துருப்பிடித்த ஆணி கிடைத்தால்கூடக் கால் மணி நேரம் பேசுவாய். ஒன்றும் இல்லை என்று நீ சொல்லி நான் கேட்டதே இல்லை."

ஆர்னோ ஓடைக் கரையில் உட்கார்ந்துவிட்டார்.

"உங்கள் புத்தகம் போய்விடுமே, ஐயா."

"போகட்டும்."

"என்னுடையதும்."

"தெரியும். இன்றைக்கே தந்தி கொடு. அச்சை நிறுத்தச் சொல்."

வேறு ஏதாவது சொல்வார் என்று ஆர்னோ காத்திருந்தார். கெல்னர் சட்டைப் பையிலிருந்து குறிப்பேட்டையும் பென்சிலையும் எடுத்து அவர் மடியில் வைத்தார்.

"எழுது. எண், கிடைத்த இடம்."

"எந்த இடம் என்று எழுத? களிமண் என்றா, ஓடை என்றா?"

"இரண்டையும் எழுது. இரண்டு முறை எறியப்பட்டது என்று எழுது. முதல் முறை எறிந்தவனுக்கு அதைப் படிக்கத் தெரியாது. அதையும் எழுது."

ஆர்னோ எழுதினார். அடுத்த வரியில் பென்சில் நின்றது. அவர் தலையைத் தூக்கவில்லை.

"இரண்டாம் முறை எறிந்தவன்?"

கெல்னர் ஸ்தாமாத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டினார்.

"அவன்தான் எழுதிக்கொண்டிருக்கிறான்," என்றார்.