கீழே இருக்கும் பை

தூத்துக்குடி துறைமுகச் சாலையில் பியூலா ஒரு பேலட் பட்டறை வைத்திருந்தாள். கிடங்கில் சரக்கை மேலே வைத்து ஃபோர்க்லிஃப்ட் வண்டியால் தூக்குவதற்குத் தோதாக, பலகைகளை அடித்துச் செய்கிற தட்டுதான் பேலட். என்ன சரக்கு, எவ்வளவு எடை என்று கேட்டு அவளே படம் வரைவாள். பட்டறை வைப்பதற்கு முன்பு பாலிடெக்னிக்கில் பாடம் நடத்தியவள் என்பதால் எல்லோருக்கும் அவள் டீச்சர்.

அவளிடம் தொழில் கற்றுக்கொண்ட இசக்கிராஜ் அவளைவிட வயதில் மிகவும் மூத்தவர். இரும்பு பீரோ கம்பெனியில் படம் வரைந்துகொண்டிருந்தவர். கம்பெனியை மூடிவிட்டார்கள். தலை நரைத்தவருக்கு யார் வேலை தருவார்கள்? அலைந்து ஓய்ந்து ஒருநாள் பட்டறை வாசலில் வந்து நின்றார்.

"எனக்கு இந்த வேலையச் சொல்லித் தருவீங்களா டீச்சர்?"

"உள்ள வாங்க அண்ணாச்சி" என்றாள்.

அவர் தனியாக வரைந்த முதல் பேலட், ஒரு மக்காச்சோள மாவுக் கிடங்குக்குப் போனது. அங்கே மாவு ஜம்போ பையில் இருக்கும். ஒரு டன் பிடிக்கிற, நான்கு மூலையிலும் காது வைத்துத் தைத்த பெரிய பை. ஒரு பேலட்டின் மேல் ஒரு பை. அந்தப் பையின் தலைமேல் இன்னொரு பேலட், இன்னொரு பை.

ஒருநாள் மேல் பை சரிந்தது. பக்கத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்த அந்தோணிராஜ் வண்டியிலிருந்து குதித்தான். உயிர் தப்பிவிட்டது. கணுக்கால் நொறுங்கிவிட்டது.

கிடங்கு முதலாளி பேலட்டைப் புரட்டிப் போட்டுப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை.

"பலகை உடையலையே. உங்க மேல என்ன தப்பு?" என்றார்.

இசக்கிராஜுக்கு அதில் ஆறுதல் கிடைக்கவில்லை. பட்டறை மூலையில் உட்கார்ந்து புதிதாக ஒரு பேலட் வரைந்தார். கூடவே நின்று அடிக்க வைத்தார். பலகைகள் இரு மடங்கு கனம். கட்டைகள் தேக்குத் தூண் மாதிரி. வெறும் பேலட்டை நகர்த்தவே நாலு ஆள் மூச்சுப் பிடிக்க வேண்டியிருந்தது.

"டீச்சர், இது போதுமா? இன்னும் எவ்வளவு பலம் வேணும்னு சொல்லுங்க."

பியூலா பேலட்டைச் சுற்றி வந்தாள். உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினாள்.

"அந்தோணியப் போய்ப் பாத்தீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

"எந்த முகத்தோட போவேன் டீச்சர்?"

"இருக்கிற முகத்தோடதான். வாங்க, நானும் வாரேன்."

அந்தோணி, மாவுக்கட்டுப் போட்ட காலைத் தலையணைமேல் ஏற்றி வைத்துக் கட்டிலில் கிடந்தான். இசக்கிராஜ் வாசல் தாண்டும்போதே உடைந்துபோனார்.

"தம்பி, என்னால வந்த வினைப்பா இது. கண்ண மூடுனா அந்தப் பைதான் சரியுது. பீரோ செஞ்சுக்கிட்டு இருந்தவன் இதுக்கு வந்திருக்கவே கூடாது. நான் எதுக்கும் லாயக்கில்லாதவன்."

அழுதுகொண்டே கட்டில் விளிம்பில் பொத்தென்று உட்கார்ந்தார். மெத்தை அமுங்கியது. அந்தோணி பல்லைக் கடித்து, காலை மெல்ல அந்தப் பக்கம் நகர்த்திக்கொண்டான்.

"அழாதிய அண்ணாச்சி. பலகைல ஒரு குத்தமும் இல்ல. உங்கள யாரும் ஒண்ணும் சொல்லலியே."

"நீ சொல்லுப்பா. ஏசணும்னா ஏசிரு. எனக்கு அதாவது ஆறும்."

"நான் என்னத்துக்கு ஏச? ரோஸ்லின், அண்ணாச்சிக்கு டீ போட்டுக் குடு. வெறும் வயித்தோட வந்திருப்பாரு போல" என்று மனைவியிடம் சொன்னான்.

அவர் டீ குடித்து முடிக்கும்வரை அந்தோணி அவர் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டே இருந்தான். அவனுக்கு நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. பியூலா ஒரு ஓரமாக நின்று பார்த்தாள்.

கிளம்பும்போது அந்தோணி கூப்பிட்டான். "புதுசு அடிக்கியளாமே? கொஞ்சம் சீக்கிரம் பாத்துக் குடுங்க அண்ணாச்சி. எனக்குப் பதிலா இப்ப என் மச்சினன்தான் வண்டி ஓட்டுதான்."

கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற ரோஸ்லின், "அவன் எனக்கு ஒரே தம்பி" என்றாள்.

மறுநாள் காலை பட்டறைக்கு இரண்டு ஜம்போ பைகள் வந்து இறங்கின. பியூலா ஒன்றை ஒரு பேலட்டில் வைக்கச் சொன்னாள். அதன் தலைமேல் இசக்கிராஜின் கனமான புதிய பேலட். அதன்மேல் இரண்டாவது பை. மேல் பையின் காதுகளைக் கிரேன் கொக்கியிலிருந்து கழற்றவில்லை. சங்கிலியை மட்டும் தளர்த்திவிட்டாள். சரிந்தாலும் கீழே விழாது.

இசக்கிராஜ் கால்குலேட்டரை எடுத்தார்.

"அது இன்னைக்கு வேண்டாம் அண்ணாச்சி. சும்மா பாருங்க."

அவர் நின்று பார்த்தார். மேல் பேலட்டின் பலகை ஒவ்வொன்றையும் விரலால் தட்டினார். நூல் பிடித்தார்.

"பலகை அசையல டீச்சர்."

"சரி."

வெயில் ஏறியபின் மறுபடியும் பார்த்தார்.

"ஒரு இம்மிகூட வளையல."

"சரி."

சாப்பாட்டுக்குப் பிறகு பியூலா ஒரு செம்பு மோரோடு வந்து, சற்றுத் தள்ளி சிமெண்டுத் தரையில் சம்மணம் போட்டு அமர்ந்தாள்.

"இங்க வந்து உக்காருங்க."

முழங்காலைப் பிடித்துக்கொண்டு அவரும் இறங்கி உட்கார்ந்தார். அப்போதுதான் அவர் கண் கீழ்ப் பைக்கு நேராக வந்தது.

மேல் பேலட்டின் அடியில் மூன்று நீளக் கட்டைகள். மூன்றும் கீழ்ப் பையின் தலையில் பதிந்து கிடந்தன. ஒரு பக்கக் கட்டை மட்டும் மற்ற இரண்டையும்விட ஆழமாக இறங்கியிருந்தது. அந்தப் பக்கம் பை பிதுங்கி நின்றது. உள்ளே மாவு சத்தமில்லாமல் ஒதுங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. உடையாத, வளையாத அந்தப் பேலட், மேலே இருந்த பையோடு சேர்ந்து ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்தது.

இசக்கிராஜ் வெகுநேரம் அதையே பார்த்தார்.

"கீழ இருக்கறதும் பைதான், இல்லையா டீச்சர்?"

"ஆமா."

"நான் அதத் தரைன்னு நினைச்சுட்டேன்."

பியூலா மோர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் தொடவில்லை.

"பழைய பேலட் இதவிட லேசு. இது அதவிடச் சீக்கிரமா அமுக்கியிருக்கு. இது கிடங்குக்குப் போயிருந்தா... அந்தப் பொண்ணோட தம்பி..."

"போகலையே. எங்கிட்டக் காட்டத்தான கொண்டுவந்தீங்க. மோரக் குடிங்க."

அவர் குடித்தார்.

அதற்குப் பிறகு அவர் வரைந்த பேலட்டில் பலகைகள் மெலிந்தன. வேண்டாத மரத்தையெல்லாம் எடுத்துவிட்டார். அடியில் மூன்று கட்டைகள் மட்டும் நிற்காமல், அவற்றுக்குக் கீழே அகலப் பலகைகளைப் பரப்பினார். பாரம் மூன்று கோட்டில் குத்தாமல், பையின் தலை முழுவதும் பரவி இறங்கியது. இரண்டு பேர் எளிதாகத் தூக்கினார்கள். பட்டறையில் பை மேல் பை வைத்து, நாள்கணக்கில் விட்டுப் பார்த்தார்கள். தினமும் காலையில் இசக்கிராஜ் முதலில் தரையில்தான் உட்கார்ந்தார். சாயவில்லை.

கிடங்குக்கு அது போன அன்று அவரும் கூடவே போனார். ரோஸ்லினின் தம்பி முதல் அடுக்கை ஏற்றி இறக்கிவிட்டு, வண்டியிலிருந்தபடியே கையைத் தூக்கிக் காட்டினான். பை செங்குத்தாக நின்றது.

பட்டறைக்குத் திரும்பியதும் இசக்கிராஜ் சட்டையை உதறிப் போட்டுக்கொண்டார். பல நாளுக்குப் பிறகு முகம் தெளிந்திருந்தது.

"டீச்சர், நான் அந்தோணி வீடு வரைக்கும் போயிட்டு வாரேன். எங்க தப்பு நடந்துச்சு, நான் எதப் பாக்காம விட்டேன், எல்லாத்தையும் ஒண்ணுவிடாம அவன்ட்டச் சொல்லணும். மனசு விட்டு ஒரு தடவ மன்னிப்புக் கேட்டாத்தான் எனக்குத் தூக்கம் வரும்."

பியூலா வரைந்துகொண்டிருந்த பென்சிலைக் கீழே வைத்தாள்.

"கட்டாயம் போங்க அண்ணாச்சி. போய், கால் எப்படி இருக்குன்னு கேளுங்க."

"அதக் கேக்காமலா..." என்று தொடங்கியவர், அப்படியே நின்றுவிட்டார். போன தடவை அதை அவர் கேட்கவே இல்லை.