ஹோப்பா, விஷ்ஷா?

பாளையங்கோட்டையில் ஒரு பேக்கரிக்கு மேலே ஜெசிந்தா டீச்சர் ஆங்கில வகுப்பு நடத்திவந்தார். அவருக்கு முப்பத்திரண்டு வயது. மாணவர்களில் மூத்தவரான பூதலிங்கம் அண்ணாச்சிக்கு அறுபத்து மூன்று. பெயிண்ட் கடை வைத்திருப்பவர். வீட்டுப்பாடத்தை ஒரு நாளும் விட்டதில்லை. அவர் உச்சரிப்பைப் பற்றி மட்டும் பேசாமல் இருப்பது நல்லது.

அவரை அந்த மாடிப்படி ஏறவைத்தது ஒரு கடிதம். வெள்ளைக்காரப் பெண்ணைக் கட்டிக்கொண்ட மகன் கோமதிநாயகத்திடம், என் வாசப்படி மிதிக்காதே என்று அவர் சொல்லி ஆறு வருஷம் ஆகிறது. அதன் பிறகு பேச்சுவார்த்தையே இல்லை. இப்போது மருமகள் ஹெலன் எழுதியிருந்தாள். டிசம்பரில் ஊருக்கு வருகிறோம், வீட்டுக்கு வரலாமா என்று கேட்டிருந்தாள்.

பதிலைத் தன் கையால், இங்கிலீஷில்தான் எழுதுவேன் என்று அண்ணாச்சி ஒற்றைக்காலில் நின்றார். உள்ளுக்குள் பயம். ஒரு சொல் பிசகி, மகன் வராமலே போய்விட்டால்?

அன்று வகுப்பு முடிந்தும் அவர் எழுந்திருக்கவில்லை.

"டீச்சர், 'ஹோப்'பும் ஆசைதான், 'விஷ்'ஷும் ஆசைதான். 'ஹோப்' போட்டா நிகழ்காலம் வருது. 'விஷ்' போட்டா இறந்தகாலம் வருது. இன்னும் நடக்கவே இல்ல, அதுக்கு எதுக்கு இறந்தகாலம்?"

"நடக்காதுன்னு மனசுக்குள்ள முடிவு கட்டிட்டு ஆசைப்படுதோம்லா, அதுக்கு 'விஷ்'. நடக்கும்னு இருந்தா 'ஹோப்'."

"கோமதி வரணும்னு எழுதணும். எதைப் போட?"

டீச்சர் பேனாவைத் திறந்தவர், எழுதாமல் நிறுத்தினார்.

"வந்தா எங்க தங்குவாங்க?"

"மாடி ரூம்லதான். அவன் ரூம்."

"அது இப்ப எப்படிக் கிடக்கு?"

அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். "பெயிண்ட் டப்பா அடுக்கிருக்கேன். சரக்கு வைக்க வேற இடமில்ல."

"கட்டில்?"

"அவன் போன அன்னைக்கே தூக்கிக் கொடுத்துட்டேன்."

"அப்ப 'விஷ்' போடுங்க."

அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"பெத்த மனசு கிடந்து துடிக்கி. நீங்க டப்பாவைப் பத்திப் பேசுதீங்க!"

குடையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். கீழே பேக்கரிக்காரர் கூப்பிட்டு நீட்டிய டீயைக்கூட வாங்கவில்லை.

நாலு நாள் வகுப்புக்கு வரவில்லை. டீச்சருக்கே மனசு கேட்கவில்லை, கொஞ்சம் பதமாகச் சொல்லியிருக்கலாமோ என்று.

ஐந்தாம் நாள் அண்ணாச்சி வந்தார். நகக்கண்ணெல்லாம் நீலப் பெயிண்ட். சின்னப் பிள்ளையைப் போலச் சிரித்தார்.

"டீச்சர், டப்பா பூராவும் கடைக்குப் போயிட்டு. நானே நின்னு பெயிண்ட் அடிச்சேன். புதுக் கட்டிலும் வந்துட்டு, அசல் தேக்கு. இப்ப 'ஹோப்' போடலாம்லா?"

"தாராளமாப் போடலாம், அண்ணாச்சி." டீச்சருக்கும் சந்தோஷம் தாளவில்லை. வெள்ளைத் தாளை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினார். "கட்டில் எப்படி, பெரிசா?"

"கோமதி ஒருத்தன் நல்லாக் காலை நீட்டிப் படுக்கலாம்."

டீச்சர் தாளிலிருந்து கையை எடுக்கவில்லை.

"மருமக எழுதுன லெட்டருக்குல்லா அண்ணாச்சி நீங்க பதில் போடப் போறீங்க?"