சேவலின் வால்

"ரெண்டு வருஷமாச்சு, டீச்சர். இன்னும் ஒரு தட்டுக்குக்கூட என்னை விலை சொல்ல விடல."

இப்படிக் குறைபட்டுக்கொண்ட சேவுகப்பெருமாளுக்கு வயது அறுபத்து நான்கு. சுங்க இலாகாவில் அடுத்தவர் பெட்டியைத் திறந்து பார்த்தே காலம் தள்ளியவர். ஓய்வு பெற்றதும் பழைய பீங்கான் மேல் பைத்தியம் பிடித்து, காரைக்குடியில் பழம்பொருள் கடை நடத்தும் நூருன்னிசாவிடம் சீடராகச் சேர்ந்துவிட்டார்.

அவளுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. இவர் டீச்சர் என்பார், அவள் சார் என்பாள். தெருவே சிரித்தது. இருவரும் சட்டை செய்யவில்லை.

படிப்பில் ஆள் கெட்டி. விரலால் சுண்டினால் வரும் சத்தத்தை வைத்தே கண்ணுக்குத் தெரியாத விரிசலைச் சொல்லிவிடுவார். தேயிலைத் தண்ணீரில் ஊறவைத்துப் பழசாக்கிய புதுத் தட்டெல்லாம் அவரிடம் பலிக்காது. ஆனாலும் விலை சொல்லும் வேலை மட்டும் கிடைக்கவில்லை.

அன்று உமையாள் ஆச்சி வந்திருந்தார். வீட்டைக் காலிசெய்துவிட்டு மகனோடு கோயம்புத்தூர் போகிறவர். சுவரில் மாட்டியிருந்த பீங்கான் தட்டுகளை ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்திருந்தார்.

நூருன்னிசா ஒவ்வொன்றாக விலை சொல்லிவிட்டு, கடைசித் தட்டைச் சீடரிடம் நீட்டினாள்.

"இதுக்கு நீங்க சொல்லுங்க, சார். சரியாச் சொன்னா நாளையிலேருந்து எல்லாத்துக்கும் நீங்களே சொல்லலாம்."

சேவுகப்பெருமாள் இரு கையாலும் வாங்கிக்கொண்டார். தட்டைத் திருப்பி முத்திரையைப் பார்த்தார். சுண்டிப் பார்த்தார். விளிம்பைத் தடவிப் பார்த்தார். நடுவில் ஒரு சேவல், நெல் கொத்திக்கொண்டிருந்தது.

"ஜப்பான் தட்டு. தொண்ணூறு வருஷம் இருக்கும். கையால வரைஞ்ச படம். ஆனா சேவலோட வால் தேஞ்சு அழிஞ்சிருச்சு. பாதி விலைதான் போகும்."

ஆச்சி தலையாட்டினார். பாதி வந்தாலே பெரிசு என்று முகம் சொன்னது.

நூருன்னிசா எழுந்தாள். தரையில் பாயை விரித்தாள். சேவல் நேராக நிற்கும்படி தட்டை வைத்தாள்.

"உக்காருங்க. சாப்பிடுங்க."

"தட்டுல ஒண்ணுமில்லையே, டீச்சர்."

"சாப்பிடுங்க, சார்."

முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆச்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இல்லாத சோற்றை இவர் பிசைய ஆரம்பித்தார். விரல்கள் தட்டின் வலப்பக்கத்தில் குவிந்தன. அங்கே சேவலின் மூக்கும் நெல்மணிகளும் அப்படியே புதுசாக இருந்தன.

நீளமான வால் தொங்கியது இடப்பக்கம், கீழே. எப்படிப் பிசைந்தாலும் விரல் அங்கே போகவில்லை.

வலது கையை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு இடது கையைக் கொண்டுபோனார். அது நேராகப் போய் வால் மேல் உட்கார்ந்தது.

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. இடது கையால் சோற்றைத் தொட்டால் எந்த வீட்டில் சும்மா விடுவார்கள்?

"ஆச்சி, இதுல ஒரு இடதுகைப் பிள்ளை சாப்பிட்டிருக்கு. ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, வருஷக்கணக்கா. அந்த வீட்டுல ஒருத்தர்கூட அது கையைத் தட்டிவிடல."

ஆச்சியின் சிரிப்பு நின்றது.

"நாந்தான் அது" என்றார்.

பள்ளிக்கூடத்தில் நொட்டாங்கை என்று பிரம்படி. விருந்துக்குப் போன இடத்திலெல்லாம் முறைப்பு. அவருடைய அப்பச்சிதான் ஒரு நாள் சுவரிலிருந்து இந்தத் தட்டைக் கழற்றி மகள் முன்னால் வைத்து, அவள் இஷ்டப்பட்ட கையால் சாப்பிடட்டும், யாரும் வாய் திறக்கக்கூடாது என்றாராம். சேவல் நேராக நின்றால்தான் ஆச்சி சாப்பிட உட்காருவாராம். சொல்லச் சொல்ல ஆச்சிக்கு ஏழு வயசு ஆகிவிட்டது. அழகாகச் சிரித்தார்.

"மறந்தே போயி, தேஞ்சுபோன தட்டுன்னு அடியில போட்டு எடுத்தாந்தேன் பாருங்க."

மற்ற தட்டுகளைக் கடையில் விட்டுவிட்டு, அந்த ஒன்றை மட்டும் முந்தானையில் சுற்றி எடுத்துக்கொண்டு ஆச்சி கிளம்பிப் போனார்.

சேவுகப்பெருமாள் பாயிலேயே உட்கார்ந்திருந்தார். மனசு நிறைந்திருந்தது. கண் மட்டும் தட்டு இருந்த இடத்துக்கே போனது.

"கைக்கு வந்த தட்டு போச்சே, டீச்சர். நான் சரியான விலையும் சொல்லல."

நூருன்னிசா பாயின் மறுமுனையைப் பிடித்துச் சுருட்ட ஆரம்பித்தாள்.

"எந்திரிங்க, சார். நாளைக்குப் பத்து மணிக்கு ஆள் வரும். நீங்கதான் விலை சொல்லணும்."